கடலடிப் பெரும் பூகம்பமும் உள்நாட்டில் அது எழுப்பும் பூகம்பங்களும்

பருத்தி விளைவிப்போரும் நெசவாளரும் அறிந்து மகிழத்தக்க பழஞ்செய்தி ஒன்று ஜப்பானிய வரலாற்றில் உண்டு. கி.பி. 799-ஆம் ஆண்டில் சிறு படகொன்றில் தனியனாக அலைந்துவந்த இளைஞன் ஒருவன் அந்நாட்டின் மிகாவா என்னும் மாகாணத்துக் கரையில் ஒதுங்கினான். அவன் பேசிய மொழி எவருக்கும் விளங்கவில்லை. பின்னாளில், தான் 'தென்ஜிகு' நாட்டினன் என்று அவனே கூறிக்கொண்டான் என அந்நாட்டுப் பழைய வரலாற்று நூல் உரைக்கின்றது. தென்ஜிகு என்பது நம் பாரத நாட்டுக்கு ஜப்பானியர் வழங்கிய பழம்பெயர். அவனிடமிருந்த பொருள்களுள் பருத்தி விதையும் இருந்தது. அவ்விதை அன்று நிலைத்து வளரவில்லை. பல நூற்றாண்டுகளுக்குப் பின்னரே பருத்தி அங்கே வேரூன்றிற்று. ஆயினும் மிகாவா பருத்தி நெசவுக்குப் பேர்போன பிரதேசமாயிற்று.

அந்த மிகாவாவில் 1945-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 13-ஆம் நாள் நிகழ்ந்த பூகம்பமே இக்கட்டுரையின் முதற் பாடம். அதனை விளங்கிக்கொள்ள, அதற்கு ஐந்து வாரங்களுக்கு முன் கடலுக்கடியில் நேர்ந்ததை முதலில் அறிதல் வேண்டும்.

1944 டிசம்பர் 7-ஆம் நாள் நண்பகலுக்குப் பின், ஜப்பானின் தென்கரைக்கு அப்பால் கடலடியில் பெரும் பூகம்பம் ஒன்று உண்டாயிற்று. அதனைத் தோனன்கைப் பூகம்பம் என்பர். ஜப்பானிய வானிலைத் துறையின் கணக்கில் அதன் அளவு 7.9. கரையோர ஊர்களைக் கடற்பேரலை தாக்கியது. இறந்தோரும் காணாமற்போனோருமாக 1,223 பேர் எனக் கணக்கிட்டனர். ஹண்டா என்னும் ஊரில், முன்பு நூற்பாலையாக இருந்து போர்க்காலத்தில் விமானத் தொழிற்சாலையாக மாற்றப்பட்ட கட்டிடம் ஒன்று இடிந்து வீழ்ந்தது. விமானம் செய்வதற்கு அகன்ற இடம் வேண்டுமென்று, நூற்பாலைக்கென எழுப்பிய தூண்களை அகற்றியிருந்தனர். கட்டாயப் பணிக்கு அழைத்துவரப்பட்ட பள்ளி மாணவ மாணவியர் பலர் அங்கு மாண்டனர். தறிக்கூடத்தில் இன்னும் இரண்டு தறி போடலாமே என்று நடுத்தூணைப் பெயர்க்க எண்ணும் அங்கத்தினர்கள் இச்செய்தியை மறவாதிருப்பது நன்று.

போர்க்காலமாதலின் இச்செய்திகளை விரிவாக வெளியிட நாளிதழ்களுக்கு அனுமதி இல்லை. மக்கள் விரிசல் கண்ட வீடுகளிலேயே வாழ்ந்துவந்தனர். முப்பத்தேழு நாட்கள் கழிந்தன. ஜனவரி 11-ஆம் நாள் முதல் மிகாவாவில் சிறுசிறு நடுக்கங்கள் உணரப்பட்டன. 13-ஆம் நாள் விடியற்காலை 3 மணி 38 நிமிடத்துக்கு, யாவரும் உறங்கிக்கொண்டிருந்த வேளையில், நிலத்தின் அடியிலிருந்த பிளவொன்று வழுகிற்று. இதன் அளவு 6.8. முன்னதன் மையத்திலிருந்து இஃது ஏறக்குறைய 150 கிலோமீட்டர் தொலைவில் நிகழ்ந்தது. மாண்டவர் 2,306 பேர் என்பது பொதுவாக வழங்கும் கணக்கு. வான்வழித் தாக்குதலுக்கு அஞ்சி நகோயா நகரிலிருந்து அனுப்பப்பட்டு அவ்வட்டாரக் கோயில்களில் தங்கியிருந்த குழந்தைகளும், கோயில் மண்டபங்கள் வீழ்ந்தமையால், தம் ஆசிரியர்களோடு உயிரிழந்தனர்.

பூகம்ப அளவில் ஓர் எண் கூடினால் வெளிப்படும் சக்தி ஏறக்குறைய 32 மடங்காகும். ஆகவே கடலடியில் நிகழ்ந்தது, மிகாவாவில் நிகழ்ந்ததைக் காட்டிலும் நாற்பது மடங்குக்கு மேற்பட்ட சக்தியுடையது. இருந்தும் சிறியதே மிகுதியான உயிர்களைக் கொண்டது. இதற்குக் காரணம் பல. பெரியது கடலில், மக்களுக்குத் தொலைவில் நிகழ்ந்தது. சிறியது குடியிருப்புகளுக்கு நேர் கீழே, மிகக் குறைந்த ஆழத்தில் நிகழ்ந்தது. பெரியது பகலில் வந்தது. சிறியது குளிர்கால இரவில் வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, பெரியதில் தளர்ந்த வீடுகளின்மீது சிறியது வந்து மோதிற்று.

இவ்விரண்டும் தற்செயலாக அடுத்தடுத்து வந்தவையா, ஒன்று மற்றதை எழுப்பியதா? இக்கேள்வி விஞ்ஞானிகளுக்கு வெகுநாள் விடைகாண அரிதாகவே இருந்தது. ஏனெனில் ஜப்பானில் இத்தகைய இணை இஃதொன்று மட்டுமன்று. 1896 ஜூன் 15-ஆம் நாள் வடகிழக்குக் கரைக்கு அப்பால் கடலடிப் பூகம்பத்தால் எழுந்த பேரலையில் ஏறக்குறைய 22,000 பேர் மாண்டனர். அதே ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள், கரையிலிருந்து உள்ளே தள்ளிய மலைநாட்டில் ரிக்குயூப் பூகம்பம் நிகழ்ந்து 209 உயிர்களைப் போக்கிற்று. அடிக்கடி நிலம் நடுங்கும் நாட்டில் இரண்டு பூகம்பங்கள் அடுத்தடுத்து வருவதை மட்டும் கொண்டு உறவு கற்பித்தல் முறையன்று. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகவும் அது இருக்கலாம் அன்றோ? ஆகையால் உறவு எவ்வாறு உண்டாகக்கூடும் என்பதைக் காரணத்தோடு காட்டல் வேண்டும்.

பாறைகள் வழுகுவது எப்படி

பூமியின் மேலோடு ஒரே துண்டாக இல்லை. பல பெருந்தட்டுகளாகப் பிரிந்துள்ளது. ஜப்பானின் வடகிழக்கே பசிபிக் தட்டு ஆண்டுக்கு ஏறக்குறைய 8 சென்டிமீட்டர் வீதம் மேற்கு நோக்கி நகர்ந்து, நிலத்தின் அடியில் சரிந்து இறங்குகின்றது. நம் விரல் நகம் வளரும் வேகத்தைப் போல் இருமடங்கு என்று வைத்துக்கொள்ளலாம். இறங்கும் தட்டும் மேலுள்ள நிலமும் உராய்வினால் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால், நிலத்தின் விளிம்பும் கீழ்நோக்கியும் உள்நோக்கியும் இழுக்கப்படுகிறது. அதனால் நாடு முழுவதுமே கிழக்கு மேற்காக நெருக்குண்டு கிடக்கின்றது. நூறாண்டுகள், சில இடங்களில் ஆயிரம் ஆண்டுகள், இந்நெருக்கம் சேர்ந்துகொண்டே போகும். பற்றியிருந்த இடம் ஒரு நாள் விடுபடும்போது நிலத்தின் விளிம்பு கடலை நோக்கித் துள்ளுகிறது. அதுவே கடலடிப் பெரும் பூகம்பம்.

விளிம்பு துள்ளினால் அதன் பின்னாலுள்ள நிலத்துக்கு என்ன நேரும்? நெசவாளர்க்கு இதை விளக்குதல் எளிது. தறியில் பாவு இழுவையோடு நிற்கிறது. ஓரிடத்தில் சில இழைகள் சேர்ந்தாற்போல் அறுந்தால், அவை தாங்கிய இழுவை மறைந்துவிடுவதில்லை. பக்கத்து இழைகள் அதனை ஏற்கின்றன. முன்பே நைந்திருந்த இழை அவற்றுள் இருப்பின் அதுவும் சிறிது நேரத்தில் அறும். புதிய நல்ல இழை அறாது. மாறாக, படைமரம் ஒரு பல் நழுவினால் பாவு முழுவதும் தளர்ந்து, அறவிருந்த இழையும் அப்போதைக்குத் தப்பும். பூமியிலும் இவ்விரண்டும் நடைபெறுகின்றன. ஒரு பெரும் வழுகல் சில பிளவுகளின்மீது பளுவைக் கூட்டுகிறது. வேறு சிலவற்றின்மீது குறைக்கிறது. 1906-ஆம் ஆண்டு சான்பிரான்சிஸ்கோப் பூகம்பத்துக்குப் பின், அதற்கு முந்திய ஐம்பதாண்டுகளில் அவ்வட்டாரத்தில் அடிக்கடி நேர்ந்துவந்த நடுத்தரப் பூகம்பங்கள் பல பத்தாண்டுகள் வரை அருகிப்போனது இரண்டாம் வகைக்கு எடுத்துக்காட்டு.

பளு கூடுவது மட்டுமே கணக்கன்று. பாறைப் பிளவின் இரு பக்கங்களும் அழுந்திக் கிடப்பதால் உராய்வு அவற்றை நகரவிடாமல் பிடித்து நிற்கிறது. சங்கக் கிடங்குகளைச் சரிபார்க்கச் செல்லும்போது நான் பலமுறை கண்டதுண்டு: நிறைந்த மூட்டையைத் தரையில் இழுக்க ஒருவரால் முடியாதபோது, மற்றொருவர் வந்து மேற்புறத்தைச் சற்றே தூக்கிப் பிடிப்பார், மூட்டை உடனே நகரும். இழுத்தவரின் பலம் கூடவில்லை. தரையின்மீது மூட்டை அழுந்துவது குறைந்தது, அவ்வளவே. பிளவும் இவ்விரு வழிகளிலும் வழுகத் தூண்டப்படலாம். வழுகும் திசையில் தள்ளும் விசை மிகலாம். அல்லது இரு பக்கங்களையும் அழுத்திப் பிடிக்கும் விசை குறையலாம். பிளவினுள் புகுந்த நீர் பக்கங்களை விலக்கித் தள்ளுவதும் பின்னதன் பாற்படும். இவ்விரண்டையும் சேர்த்துக் கணக்கிடும் முறைக்குப் பதினெட்டாம் நூற்றாண்டில் உராய்வை ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் கூலோம் அவர்களின் பெயரை இட்டு வழங்குகின்றனர்.

இக்கணக்கில் வியப்புக்குரிய செய்தி ஒன்றுண்டு. பெரும் பூகம்பம் தொலைவிலுள்ள பிளவின்மீது ஏற்றும் கூடுதல் பளு மிகச் சிறிது. நம்மைச் சூழ்ந்துள்ள காற்றின் அழுத்தத்தில் பத்தில் ஒரு பங்கு முதல் அவ்வழுத்தத்தின் அளவு வரை என்பது வழக்கமாகக் காணப்படும் தொகை. சைக்கிள் சக்கரத்தில் நாம் அடைக்கும் காற்றைவிடக் குறைவு. மலைப்பாறையை இது வழுகச் செய்யுமா எனில், தனியே ஒருபோதும் செய்யாது. அப்பிளவு தன் சொந்த நெருக்கத்தினால் வழுகும் நிலைக்கு முன்பே அணுகியிருத்தல் வேண்டும். கடன் வாங்கியவர் அறிவார்: தவணை முன்னதாக வருவதென்றால், கடன் முன்பே இருந்தது என்பது பொருள். பெரும் பூகம்பம் புதுக்கடனை உண்டாக்குவதில்லை. பழங்கடனின் தவணை நாளை முன்னுக்கு இழுக்கிறது. சில பிளவுகளுக்கு அந்நாளைத் தள்ளியும் போடுகிறது.

2011-ஆம் ஆண்டின் சான்று

1944-இல் நிலத்தின் அசைவை அங்குலம் அங்குலமாக அளக்கும் கருவிகள் நாடெங்கும் இல்லை. ஆதலால் மிகாவாவை இவ்வினத்தில் சேர்த்துப் பேசுவோர் பலராயினும், கணக்கை ஐயமறச் சரிபார்க்க வழியில்லை. 2011-இல் நிலைமை வேறு. அவ்வாண்டு மார்ச்சு 11-ஆம் நாள் பிற்பகல் 2 மணி 46 நிமிடத்துக்கு, வடகிழக்கு ஜப்பானுக்கு அப்பால் 9.0 அளவுள்ள பூகம்பம் நேர்ந்தபோது, செயற்கைக் கோள்களின் துணையால் இடத்தை அளக்கும் நிலையங்கள் நாடெங்கும் ஆயிரத்துக்கு மேல் நிறுவப்பட்டிருந்தன. கடலடியில் ஏறக்குறைய 500 கிலோமீட்டர் நீளமும் 200 கிலோமீட்டர் அகலமும் உள்ள பரப்பு வழுகிற்று. ஒஷிகா தீபகற்பம் கடலை நோக்கி 5 மீட்டருக்கு மேல் நகர்ந்து, ஒரு மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. அதாவது, இத்தனை காலம் நெருக்குண்டு கிடந்த நிலம் ஒரு சில நிமிடங்களில் கிழக்கு நோக்கி இழுபட்டு விரிந்தது.

பதின்மூன்று மணி நேரம் சென்றது. மறுநாள் விடியற்காலை 3 மணி 59 நிமிடத்துக்கு, ஏறக்குறைய 400 கிலோமீட்டருக்கு அப்பால், பனி மூடிய மலைநாட்டில் சகாயே என்னும் உழவர் கிராமத்தின் அடியில் 6.7 அளவுள்ள பூகம்பம் எழுந்தது. படிவயல்களும் வாய்க்கால்களும் வெடித்தன. புகைவண்டிப் பாதையின் கரை சரிந்து தண்டவாளம் அந்தரத்தில் தொங்கிற்று. பட்டு நெசவுக்குப் பேர்போன தோகமாச்சியும் அப்பக்கத்தில் உள்ளதே; அங்கும் அதிர்ச்சி கடுமையாக இருந்தது. மார்ச்சு 15-ஆம் நாள் இரவு ஃபூஜி மலையின் தென்மேற்கு அடிவாரத்தருகே 6.4 அளவில் மற்றொன்று நேர்ந்தது. எரிமலை விழித்துக்கொள்ளுமோ என்று பலர் அஞ்சினர், விழிக்கவில்லை.

எல்லாவற்றினும் தெளிவான சான்று சரியாக ஒரு மாதம் கழித்துக் கிட்டியது. ஏப்ரல் 11-ஆம் நாள் மாலை 5 மணி 16 நிமிடத்துக்கு ஃபுகுஷிமா மாநிலத்தின் இவாகி நகருக்கு அருகே, 7.0 அளவில், இரண்டு பிளவுகள் ஏறக்குறைய இணையாக வழுகின. வயலிலும் சாலையிலும் காட்டிலும் நிலம் படிபோல் இறங்கியது. சில இடங்களில் அப்படியின் உயரம் 2 மீட்டரை எட்டியது. மலைச்சரிவு வீழ்ந்து நால்வர் இறந்தனர். பேரலையால் முன்பே சிதைந்திருந்த ஃபுகுஷிமா அணு நிலையத்துக்கு வெளியிலிருந்து வந்த மின்சாரம் அறுபட்டு, உலைகளைக் குளிர்விக்கும் நீர் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் நின்றது. இச்சிறிய பூகம்பம் இன்னும் சற்று வலிதாக வந்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று எண்ணவும் அச்சமாயுள்ளது.

இதனைத் தெளிவான சான்று என்றதற்குக் காரணம் கூறுகிறேன். நெருக்குண்ட நிலத்தில் ஒரு பக்கப் பாறை மற்றதன்மேல் ஏறி வழுகும். இழுபட்ட நிலத்திலோ ஒரு பக்கம் கீழே இறங்கும். வடகிழக்கு ஜப்பான் நெருக்குண்ட நாடாதலின் அங்குப் பெரும்பாலும் ஏறும் வகையே நிகழும். இவாகியில் நிகழ்ந்தது இறங்கும் வகை. நிலம் கடலை நோக்கி இழுபட்டதன் முத்திரை அதில் பதிந்திருந்தது. பின்னர் ஆராய்ச்சியாளர் அப்பிளவின் குறுக்கே குழி தோண்டி மண் அடுக்குகளைப் பார்த்தபோது, அது முன்னர் வழுகியது பன்னீராயிரம் ஆண்டுகளுக்கும் முன்னரே என்று கண்டனர். பன்னீராயிரம் ஆண்டு உறங்கிய பிளவு, பெரும் பூகம்பத்துக்குப் பின் சரியாக முப்பத்தோராம் நாள் தற்செயலாக விழித்தது என்று சொல்ல எவரும் துணியார்.

தென்னமெரிக்காவிலுள்ள சிலி நாட்டிலும் இவ்வாறே. 2010 பிப்ரவரி 27-ஆம் நாள் கரையோரக் கடலடியில் 8.8 அளவுள்ள பூகம்பம் நிகழ்ந்தது. மார்ச்சு 11-ஆம் நாள் பிச்சிலெமு என்னும் ஊரின் அடியில், இறங்கும் வகையான பிளவொன்று 6.9 அளவில் வழுகிற்று. அன்று புதிய குடியரசுத் தலைவர் பதவியேற்கும் நாள். வெளிநாட்டு விருந்தினர் மண்டபத்தின் கூரையை அண்ணாந்து பார்த்தபடியே விழாவில் இருந்தனராம்.

அலை தூண்டுவதும் உண்டு

இதுகாறும் கூறியது, நிலம் நகர்ந்து நின்றதனால் நிலையாக ஏற்படும் பளு மாற்றம். தொலைவு மிக மிக இது விரைவில் தேய்ந்துவிடும். ஆனால் பூகம்பத்தின் அலைகள் உலகையே சுற்றி வருவன. அவை கடந்து செல்லும் சில நிமிடங்கள் பிளவுகளை நெருக்கியும் விரித்தும் ஆட்டுகின்றன. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் சுமாத்திராவுக்கு அப்பால் உண்டாகி நம் நாகப்பட்டினக் கரையையும் அழித்த பூகம்பத்தின் அலைகள், ஏறக்குறைய 11,000 கிலோமீட்டர் கடந்து அலாஸ்காவிலுள்ள ராங்கல் எரிமலையை அடைந்தபோது, அங்கே சிறுசிறு நடுக்கங்கள் அலையின் ஏற்ற இறக்கத்துக்கு ஒத்த தாளத்தில் எழுந்தன. மனிதரால் உணரமுடியாத அளவு சிறியவை, கருவியில் பதிந்தன.

2012 ஏப்ரல் 11-ஆம் நாள் சுமாத்திராவுக்கு மேற்கே இந்துமாக் கடலடியில் 8.6 அளவில் நேர்ந்ததைச் சென்னையிலும் பலர் உணர்ந்து வீதிக்கு ஓடிவந்தது நினைவிருக்கலாம். அதற்கடுத்த ஆறு நாட்களில், வெகு தொலைவிலுள்ள நாடுகளிலும் 5.5-க்கு மேற்பட்ட பூகம்பங்கள் வழக்கத்தைப் போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு நிகழ்ந்ததாக ஆராய்ச்சியாளர் கணக்கிட்டனர். ஆயினும் இத்தகைய நிகழ்ச்சி அரிது. பெரும்பாலான பெரும் பூகம்பங்கள் தொலைதூரத்தில் நுண்ணிய நடுக்கங்களையே எழுப்புகின்றன. உலகில் எங்கோ ஒன்று நேர்ந்தவுடன் அடுத்தது நம் ஊரில்தான் என்று சோதிடம் கூறுவோரின் பேச்சுக்கு இதில் ஆதாரம் ஏதும் இல்லை.

எத்தனை நாள் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும் என்ற கேள்விக்கு, 1891-ஆம் ஆண்டு நோபிப் பூகம்பத்தின் தொடர் நடுக்கங்களை எண்ணிப் பார்த்து, ஓமோரி என்னும் ஜப்பானிய அறிஞர் 1894-இல் ஒரு விதி கூறினார். நாள் செல்லச் செல்ல நடுக்கங்களின் எண்ணிக்கை, கழிந்த காலத்துக்கு எதிர்விகிதமாகக் குறையும் என்பது அது. முதல் நாள் நூறு எனின் பத்தாம் நாள் ஏறக்குறைய பத்து, நூறாம் நாள் ஒன்று. முதலில் விரைந்து குறைந்து, பின் குறையவே மாட்டாதது போல் வால் நீண்டு கிடக்கும். நிலுவைக் கடன் வசூலைக் கண்டவர்க்கு இப்படம் புதிதன்று. ஆனால் குறைவது எண்ணிக்கையே. பத்தாம் நாள் வருவது முதல் நாள் வந்ததைவிடச் சிறியதாகத்தான் இருக்கும் என்று விதி சொல்லவில்லை.

இவ்வேறுபாட்டை மக்கள் உணராமற்போனதன் விளைவு 2016-இல் தெரிந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் இரவு குமமோட்டோவில் 6.5 அளவில் பூகம்பம் வந்தது. இஃது உள்நாட்டிலேயே தோன்றியது, கடலடியைச் சார்ந்ததன்று. இனி வருவன சிறு பின்னதிர்வுகளே என்று கருதி வீடு திரும்பியோர் பலர். இருபத்தெட்டு மணி நேரத்துக்குப் பின் 7.3 அளவுள்ளது வந்தது. திரும்பிய வீடுகள் வீழ்ந்தன. அவ்வாண்டிலேயே, பெரும் பூகம்பம் நேர்ந்தவுடன் தரும் அறிவிப்புகளில் 'பின்னதிர்வு' என்ற சொல்லை வழங்குவதில்லை என அந்நாட்டு அரசாங்கக் குழு முடிவு செய்தது. அச்சொல்லைக் கேட்டவர் 'இனிச் சிறியதே' என்று பொருள் கொள்கின்றனர் என்பதே காரணம்.

அந்நாட்டில் வேறொரு ஏற்பாடும் உண்டு. பூகம்பத்துக்குப் பின் பயிற்சி பெற்றோர் வீடு வீடாகச் சென்று சுவரையும் தூணையும் கூரையையும் அடித்தளத்தையும் பார்வையிட்டு, வாசலில் தாள் ஒன்றை ஒட்டுகின்றனர். சிவப்பு எனின் உள்ளே நுழைதல் ஆகாது. மஞ்சள் எனின் எச்சரிக்கையோடு நுழையலாம். பச்சை எனின் பார்த்தாயிற்று. பச்சைத் தாள், கட்டிடத்தின் விலைக்கோ ஆயுளுக்கோ தரும் நற்சான்று அன்று. முதற் பூகம்பத்தில் தளர்ந்த சுவர் அடுத்ததைத் தாங்குமா என்ற ஒரு கேள்விக்கு மட்டுமே, பார்வையிட்ட அன்றைய நிலையில் அது விடை கூறுகிறது. மறுபடியும் நிலம் வலிதாக நடுங்கினால் பழைய தாளைக் கிழித்துவிட்டு மீண்டும் பார்க்கின்றனர்.